விரல் கோணலா இருந்தாலே முடக்குவாதமா? கை எக்ஸ்ரே டவுட்டு

டார்க்ரூம் தம்பி:
எக்ஸ்ரே டெக்னீசியன் கோர்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். கை படத்துல விரல் கோணிக்கிட்டு தெரிஞ்சா ஆர்த்ரைட்டிஸ்ல முடக்குவாதம்தான்னு சொல்லிடுறேன், நேத்தும் ஒரு பாட்டி படத்துக்கு அப்படியே சொல்லப்போயி "எந்த மூட்டுன்னு பாத்தியாடா"ன்னு மேடம் கிட்ட செம திட்டு. எப்படி பிரிச்சு பாக்குறது, யாராச்சும் சொல்லுங்களேன்.

சுந்தரி அக்கா:
மேடம் கேட்டதுலயே பாதி பதில் இருக்கு தம்பி. நகத்துக்கு அடுத்த மூட்டு, கட்டைவிரல் அடிமூட்டு, இங்க இடைவெளி குறைஞ்சு ஓரத்துல முள்ளு மாதிரி எலும்பு வளந்து மூட்டு விளிம்பு பளிச்னு வெள்ளையா இருந்தா அது தேய்மானம். முடக்குவாதம் பெரும்பாலும் நக மூட்டுக்கு போகாது, மணிக்கட்டு, முஷ்டி மடக்குனா துருத்துற மூட்டு, நடுமூட்டு, இதுதான் அதோட எடம். ரெண்டு கையிலயும் ஜோடியா வரும், மூட்ட சுத்தி எலும்பு வெளுப்பு குறைஞ்சு மங்கலா இருக்கும், ஓரத்துல கரையான் அரிச்ச மாதிரி. முடிஞ்சா பாதத்தையும் ஒரு படம் எடுக்க சொல்வாங்க, சில பேருக்கு எலும்பு அரிப்பு அங்கதான் முதல்ல தெரியும். ஆரம்பத்துல படம் சுத்தமா நார்மலா கூட இருக்கும்.

எலும்புக்கூடு:
ஆனா நக மூட்டுன்னா கண்ண மூடிட்டு தேய்மானம்னு எழுதிடாத. சோரியாசிஸ்ங்கிற தோல் நோயோட வர்ற மூட்டு வாதமும் அங்க வரும், முத்திப்போனா ஒரு எலும்பு சீவுன பென்சில் மாதிரி கூராகி அடுத்தது கப் மாதிரி குழிஞ்சிடும். கவுட்ல (யூரிக் ஆசிட் மூட்டுல படியுற வாதம்) எலும்புல விழுற குழி மூட்ட விட்டு கொஞ்சம் தள்ளி, விளிம்பு துருத்திக்கிட்டு நிக்கும், இடைவெளி ரொம்ப நாளைக்கு கெடாது.

மல்லி:
நான் பேஷண்ட்தான், லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற நோய்). என் விரலெல்லாம் சுண்டுவிரல் பக்கமா சாஞ்சிருக்கும், ஆனா எக்ஸ்ரே கேசட்ல (படம் விழுற தட்டு) வச்சு அழுத்துனா நேராயிடும், படமும் நார்மல்னு வந்துடும்! வீட்ல யாரும் நம்பல.

சுந்தரி அக்கா:
மல்லி சொல்றது ஜாக்கூட் வகை. அரிப்பு இருக்காது, தசைநார் தளர்ந்ததால வர்ற கோணல். இதுக்கு உதவுறது நார்கார்ட்னு ஒரு எக்ஸ்ரே டாக்டர் 1965-ல சொன்ன பொசிஷன், பந்து பிடிக்கப் போற மாதிரி கைய சாய்ச்சு விரிச்சு எடுக்குறது. கை அழுந்தாததால கோணல் அப்படியே விழும், முடக்குவாதத்தோட சின்ன அரிப்பும் மாட்டும்.

டார்க்ரூம் தம்பி:
பாட்டி படத்த திரும்ப எடுத்து பாத்தேன். முஷ்டி மூட்டு, மணிக்கட்டு எல்லாம் கிளீன், நக மூட்டுல மட்டும் முள்ளு முள்ளா. திட்டு நியாயம்தான்.