நிரந்தரமாக்கும்போது பழைய சர்வீஸ் என்ன ஆகும்?

எல்லோருக்கும் வணக்கம். தம்பி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டெம்பரவரியாக வேலை பார்க்கிறான், கான்ட்ராக்டர் மூலமாக இல்லை, நேரடியாகக் கம்பெனி ரோலிலேயே, நான்காவது வருடம் ஓடுகிறது. இப்போது நிரந்தரம் ஆக்குகிறார்கள். ஆனால் முதலில் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடு, அப்புறம் புது ஆர்டர் தருகிறோம் என்கிறார்கள். ஆர்டரில் சேர்ந்த தேதி அடுத்த மாதம் 1 என்றுதான் இருக்கிறது.

கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) 5 வருடத் தொடர் சர்வீஸ் வேண்டுமே, இப்படிக் கையெழுத்துப் போட்டால் பழைய வருடங்கள் அறுந்துபோகாதா? 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தாலே நிரந்தரம் என்று 1981லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கும்போது ராஜினாமா எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, அதைவிடப் பெரிய கவலை. சம்பளம் 18,500லிருந்து 23,800 ஆகிறது. 21,000 தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம் (இஎஸ்ஐக்குப் பணம் பிடிக்கும் ஆறு மாதத் தவணை) முடிந்ததும் இஎஸ்ஐ நின்றுவிடும். அம்மாவுக்கு அதில்தான் டயாலிசிஸ் நடக்கிறது, கையில் கூடும் பணம் வெளியே செய்ய எந்த மூலைக்கு? கம்பெனி தரும் மெடிக்கல் இன்சூரன்ஸில் மனைவி, குழந்தை மட்டும்தான்.

பிஎஃப் பழைய யுஏஎன்னிலேயே (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) தொடரும், அது சரி.

இப்படி நிரந்தரமானவர்கள் யாராவது பழைய சர்வீஸைச் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறீர்களா? பெற்றோரை இன்சூரன்ஸில் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா? வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.