போர்டில் 71 கார்டுகள்

குழு: நம்ம 16 வீடு, மடிப்பாக்கம்
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

காலை 7:10
எஃப்1 மாமி: வாசலில் இரண்டு தண்ணீர் லாரி நிற்கிறது. இரண்டு சொன்னது யார்?

7:12
ஜி2 அண்ணன்: நான் ஒன்று சொன்னேன் மாமி. நேற்று ராத்திரி சம்ப்பில் முக்கால் அடிதான் தண்ணீர் இருந்தது.

7:13
டி2 தம்பி: ஐயோ, நானும் சொல்லிவிட்டேன் அண்ணா. நம் வேலைகளைக் கார்டு கார்டாகப் போட்டு வைக்கும் ட்ரெல்லோ ஆப் போர்டில் ‘தண்ணீர் லாரி’ என்ற கார்டில் என் படமும் இருந்தது. என் பொறுப்பு என்று நினைத்துவிட்டேன்.

7:15
செயலாளர் சார்: நம் சம்ப்பில் ஒரு லாரிக்கு மேல் கொள்ளாது. இரண்டாவதைத் திருப்பி அனுப்புகிறேன். வந்து போன செலவைக் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆகவேண்டும், அவர் மேல் தப்பு இல்லை.

7:16
டி2 தம்பி: அந்தப் பணத்தை நான் தருகிறேன் சார்.

7:18
செயலாளர் சார்: வேண்டாம் தம்பி. தண்ணீர் இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதானே சொன்னாய்.

காலை 9:40
செயலாளர் சார்: போர்டை முழுதாகத் திறந்து பார்த்தேன். மூன்று வரிசையில் மொத்தம் 71 கார்டு. ‘செய்துகொண்டிருப்பது’ வரிசையில் மட்டும் 23. எது நடக்கிறது, எது நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. லிஃப்டின் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) ஆகஸ்ட் 31-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அதற்கும் ஒரு கார்டு இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. எஸ்2 அம்மா, ஜூனில் நீங்கள்தான் இதை ஆரம்பித்துக் கொடுத்தீர்கள். நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடலாமா?

9:52
எஸ்2 அக்கா: சார், கொஞ்சம் பொறுங்கள். ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு எப்படிப் பயன்படுத்துவது என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. அது என் குறை. சமையலை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

10:35
எஸ்2 அக்கா: முதலில் லாரி விஷயம். அந்தக் கார்டில் நான்கு பேர் முகம் இருக்கிறது. நான்கு பேரைச் சேர்த்தால் ஒன்று, நால்வரும் செய்வார்கள். இல்லையென்றால் ஒருவரும் செய்ய மாட்டார்கள். லாரிக்கு முதலாவது நடந்தது, லிஃப்டுக்கு இரண்டாவது. அதிலும் மூன்று பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஆள் மற்றவர் பேசியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள்.
இனி ஒரு கார்டுக்கு ஒரு முகம். மற்றவர்களுக்கு விவரம் தெரிய வேண்டுமானால் கார்டின் மெனுவில் ‘வாட்ச்’ என்று இருக்கிறது. அதைத் தொட்டால் அந்தக் கார்டில் மாற்றம் நடக்கும்போது அறிவிப்பு வரும். பொறுப்பு வேறு, தகவல் தெரிவது வேறு. இவ்வளவு நாளாக இரண்டுக்கும் ஒரே பொத்தானை அழுத்திவிட்டோம்.

10:37
ஜி2 அண்ணன்: இது தெரிந்திருந்தால் காலையில் அந்த டிரைவரிடம் பேச்சு வாங்கியிருக்க வேண்டாம்.

10:44
எஸ்2 அக்கா: அடுத்தது தலைப்பு. ‘லிஃப்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் ஒரு கார்டு. ‘மோட்டார்’ என்று ஒன்று. ‘பெயிண்ட்’ என்று ஒன்று. அதைப் பார்த்தால் நாளைக் காலை நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதில்லை, அதனால்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம். ‘லிஃப்ட் ஏஎம்சிக்கு இரண்டு இடத்தில் விலை கேட்க’ என்று எழுதினால் போனை எடுத்துப் பேசத் தோன்றும். கூடவே ஒரு கெடு தேதி. தேதி போட்டால் அதற்கு ஒரு நாள் முன்னால் நினைவூட்டும்படி அதிலேயே வைக்கலாம். ஆகஸ்ட் 31 என்ற தேதி அந்தக் கார்டில் எங்கேயுமே இல்லை சார். அதனால் ட்ரெல்லோ ஞாபகப்படுத்த வழியே இல்லை.

10:46
செயலாளர் சார்: லிஃப்டை நானே எடுத்துக்கொள்கிறேன். என் முகம் மட்டும் இருக்கட்டும். நாளை விலை கேட்கிறேன்.

10:47
எஸ்2 அக்கா: மற்ற இருவரையும் எடுத்துவிட்டேன் சார். கெடு புதன்கிழமை.

10:58
டி3 சார்: அம்மா, நடுவில் பேசலாமா? இந்த போர்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 31 வருடம் இருந்தவன் நான். இதற்குக் கான்பான் என்று பெயர். ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ என்பவர் 1950-களில் கொண்டுவந்தது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி காலியாகக் காலியாகத்தான் நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து அவருக்குப் பிடிபட்ட யோசனை.
எங்கள் லைனில் பெட்டிக்கு ஒரு கார்டு இருக்கும். பெட்டி காலியானால் அந்தக் கார்டு முந்தின செக்‌ஷனுக்குப் போகும். கார்டு வந்தால்தான் அவர்கள் அடுத்த பெட்டிக்கு உருப்படி செய்வார்கள். வரவில்லையென்றால் மெஷின் சும்மா நிற்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இதுதான் புரியாது, கை சும்மா இருக்கிறதே என்று செய்து குவிப்பார்கள். குவிந்தது மூலையில் துருப்பிடிக்கும்.

11:01
டி3 சார்: கார்டு என்பது வேலையை ஞாபகம் வைக்க வந்தது இல்லை. வேலையை அளவோடு நிறுத்த வந்தது. நம் போர்டில் 23 ஒரே நேரத்தில் ‘செய்துகொண்டிருப்பது’ என்றால் அங்கே கான்பான் இல்லை, வெறும் பட்டியல்தான் இருக்கிறது.

11:03
எஸ்2 அக்கா: சார், நான் சொல்ல வந்ததின் மையமே இதுதான். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

11:09
டி3 சார்: ஒரு சின்னக் கணக்கும் சொல்கிறேன். நாம் வாரத்துக்கு நான்கு வேலை முடிக்கிறோம் என்று வையுங்கள். 23 வேலை கையில் இருந்தால் சராசரியாக ஒன்று முடிய ஏறக்குறைய ஆறு வாரம். கையில் மூன்றுதான் என்றால் ஒரு வாரத்துக்குள் முடியும். வேலை செய்யும் வேகம் ஒன்றேதான், கையில் இருக்கும் எண்ணிக்கைதான் வேறு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் நிரூபித்த கணக்கு இது. வங்கி வரிசைக்கும் பொருந்தும், நம் மோட்டார் ரிப்பேருக்கும் பொருந்தும்.

11:12
எஃப்3 அண்ணன்: மூன்று என்று வைத்தால் மீதி 20 வேலையை யார் பார்ப்பது சார்? எல்லாமே அவசரம்தானே.

11:15
டி3 சார்: மீதி 20-ஐ இப்போதும் யாரும் பார்க்கவில்லையே. பார்ப்பதுபோல அந்த வரிசையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

11:24
எஸ்2 அக்கா: எஃப்3 அண்ணா, அந்த 23-ஐ ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் 11 நம் கையிலேயே இல்லை. பிளம்பர் வர வேண்டும், மின்வாரியத்தில் பதில் வர வேண்டும், பெயிண்ட் கடைக்காரர் மாதிரி அனுப்ப வேண்டும். இவற்றுக்கு ‘காத்திருப்பது’ என்று தனி வரிசை இப்போது போட்டுவிட்டேன். அங்கே போகும் கார்டில் யாருக்காகக் காத்திருக்கிறோம், மறுபடி எந்தத் தேதியில் கேட்க வேண்டும் என்ற இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மறந்துபோன வேலைகளின் கிடங்காகிவிடும்.
மீதி 12-ல் மூன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைச் ‘செய்ய வேண்டியது’ வரிசைக்குத் திருப்பினேன். ‘லிஸ்ட் லிமிட்ஸ்’ என்ற பவர்-அப்பை, அதாவது ட்ரெல்லோவில் கூடுதலாகச் சேர்க்கும் வசதியைச் சேர்த்து, எண்ணிக்கை 3 என்று வைத்திருக்கிறேன். நாலாவது கார்டைப் போட்டால் அது தடுக்காது, அந்த வரிசையின் நிறம் மட்டும் மாறும். நிறம் மாறினால் யாராவது ஒரு வேலையை முடிக்க உதவப் போங்கள். புதிதாக எதையும் எடுக்காதீர்கள்.

11:26
எஃப்3 அண்ணன்: சரி, இது நியாயமாகத்தான் இருக்கிறது.

11:31
டி2 தம்பி: அக்கா, பழைய கார்டுகளை டெலீட் செய்துவிடவா? 71 ரொம்ப அதிகம்.

11:33
எஸ்2 அக்கா: டெலீட் மட்டும் வேண்டாம் தம்பி! ஆர்க்கைவ் செய். ஆர்க்கைவ் செய்தது கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்கும், திரும்ப எடுத்தும் வைக்கலாம். டெலீட் செய்தது போனால் போனதுதான். ஜூலையில் பம்ப் மெக்கானிக் கொடுத்த விலை விவரம் அப்படித்தான் போனது. ‘முடிந்தது’ வரிசையில் உள்ள 30-ஐ நான் ஆர்க்கைவ் செய்துவிடுகிறேன். அடுத்த வருடம் சம்ப் கழுவ எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்டால் அங்கிருந்துதான் எடுக்கப் போகிறோம்.

11:40
எஃப்1 மாமி: எல்லாம் சரிம்மா. என் போனில் இதுவே சிரமப்பட்டு ஓடுகிறது. இன்னொரு ஆப் போட என்னால் முடியாது. ஜி1 பாட்டியாலும் முடியாது.

11:46
எஸ்2 அக்கா: மாமி, நீங்கள் போடவே வேண்டாம். ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் சேர முடியாது, நாம் 16 வீடு. கமிட்டியில் உள்ள ஏழு பேர் மட்டும் உள்ளே இருந்தால் போதும். மற்றவர்கள் குறையை இந்தக் குழுவில் எழுதுங்கள், அல்லது எங்களில் யார் கதவையாவது தட்டிச் சொல்லுங்கள். கார்டாக்குவது எங்கள் வேலை. ஞாயிறுதோறும் போர்டைப் படமெடுத்து இங்கே போடுகிறேன். ஒரு பிரதி அச்செடுத்து லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன், பாட்டி அங்கே படித்துக்கொள்ளட்டும்.

11:48
எஃப்3 அண்ணன்: லிங்க் வைத்திருக்கிற எல்லோரும் பார்க்கும்படி பப்ளிக் என்று மாற்றிவிட்டால் சுலபமாயிற்றே?

11:50
எஸ்2 அக்கா: வேண்டாம் அண்ணா. அதில் வாட்ச்மேன் எண், லாரிக்காரர் எண், வீட்டு வாரியாக பராமரிப்பு பாக்கி எல்லாம் இருக்கிறது. பப்ளிக் என்று வைத்தால் ஊரில் உள்ள யாரும் பார்க்கலாம். யாருக்குப் பாக்கி இருக்கிறது என்பது நான்கு சுவருக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

11:53
எஃப்3 அண்ணன்: உண்மைதான். யோசிக்கவில்லை. இந்தக் கம்பெனியே ஒருநாள் மூடிவிட்டால்?

11:57
எஸ்2 அக்கா: ட்ரெல்லோவை 2011-ல் நியூயார்க்கில் ஃபாக் கிரீக் என்ற கம்பெனி ஆரம்பித்தது. 2017-ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. சட்டென்று மூடுவார்கள் என்று தோன்றவில்லை. ஆனாலும் ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றுக்கும் தாள் பிரதி செயலாளர் சார் ஃபைலில் இருக்கட்டும். ரசீதைப் போனில் படம் எடுத்ததும் ‘ஷேர்’ கொடுத்து ட்ரெல்லோவைத் தேர்ந்தெடுத்தால் நேராகக் கார்டில் சேரும். ஒரு கோப்பு 10 எம்பிக்குள் இருக்க வேண்டும், போட்டோவுக்கு அது தாராளம்.

பகல் 12:20
செயலாளர் சார்: திரும்பத் திரும்ப வருகிற வேலைகளுக்கு ஏதாவது வழி உண்டா? நான் மறப்பது அவற்றைத்தான்.

12:34
எஸ்2 அக்கா: இருக்கிறது சார், எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். ‘கார்டு ரிப்பீட்டர்’ என்று ஒரு பவர்-அப். வாரம், மாதம், வருடம் என்று வைத்துவிட்டால் அந்த நாளில் கார்டு தானே வந்து உட்காரும். உள்ளே இருக்கும் செக்லிஸ்ட்டும் கூடவே வரும்.
செப்டம்பர் முதல் வாரத்துக்கு மழைநீர் சேகரிப்புக் குழி என்று ஒன்று வைத்திருக்கிறேன். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். நம் கட்டடத்திலும் இருக்கிறது, ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்கு முன்னால் மணலும் ஜல்லியும் எடுத்துக் கழுவ வேண்டும் என்பது நமக்கு நவம்பரில் வாசலில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கார்டின் செக்லிஸ்ட்டில் மாடிக் குழாய் வாய், வடிகட்டித் தொட்டி, குழி மூடி, பின்பக்கக் கால்வாய் என்று நான்கு வரி எழுதியிருக்கிறேன்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்ப் கழுவுவது, வருடத்துக்கு ஒருமுறை தீயணைப்பான் நிரப்புவது இரண்டையும் சேர்த்தேன். ஏப்ரல், அக்டோபர் முதல் தேதிகளில் சொத்து வரி ஞாபகம். அது அவரவர் கட்டுவதுதான், ஆனால் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கிறது. குழுவில் ஒரு வரி போட்டால் 16 வீட்டுக்கும் உபயோகம்.

12:36
செயலாளர் சார்: லிஃப்ட் ஏஎம்சியையும் சேர்த்துவிடுங்கள். முடிவதற்கு 45 நாள் முன்னால் வரட்டும்.

12:37
எஸ்2 அக்கா: சேர்த்துவிட்டேன். புது ஒப்பந்தத் தேதி தெரிந்ததும் கார்டு வரும் தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

12:41
டி3 சார்: ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கார்டைப் பற்றிய பேச்சு கார்டிலேயே நடக்கட்டும். பிளம்பர் என்ன சொன்னார் என்பதைத் தேட இந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

12:42
ஜி2 அண்ணன்: ஆமாம் சார். இனி அங்கேயே எழுதுகிறேன்.

மாலை 5:15
எஃப்1 மாமி: மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மேற்கு மூலையில் தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் வேப்ப இலை அடைத்துக் கிடக்கிறது. இதையும் கார்டு போடுவாயா அம்மா?

5:17
எஸ்2 அக்கா: போட்டுவிட்டேன் மாமி. ‘மேற்கு மூலைக் குழாய் வாயில் இலை எடுத்து, வலை பொருத்த’. யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?

5:18
டி2 தம்பி: நான் அக்கா. என் முகம் மட்டும் போடுங்கள்.

5:19
எஸ்2 அக்கா: கெடு புதன்கிழமை போடவா?

5:20
டி2 தம்பி: சனிக்கிழமைதான் முடியும் அக்கா, வாரநாளில் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. ஆனால் ‘செய்துகொண்டிருப்பது’ வரிசையில் ஏற்கெனவே மூன்று இருக்கிறதே?

5:22
ஜி2 அண்ணன்: அதில் ஒன்று என்னுடைய சம்ப் மூடி. இப்போதுதான் பொருத்திவிட்டு வந்தேன், படமும் கார்டில் சேர்த்துவிட்டேன். நகர்த்திவிட்டு உன்னுடையதைப் போடு தம்பி.