ஆவணப்படத்தின் பிற்பாதி தொய்கிறது, வழி சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ், மேகசின் பாரக்ஸ் என்ற இந்தியத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்ட எங்கள் ஆயாவை (பாட்டியை)ப் பற்றி 18 நிமிடப் படம். தொகுப்பு டாவின்சி ரிசால்வ் மென்பொருளில்.

கதையமைப்பை ஆராய்ந்த டோடோரவ் சொன்னபடி சமநிலை, குலைவு, புதுச் சமநிலை என்று அடுக்கினேன். லாரியில் சாமான் ஏற்றும் இடம்வரை எல்லாரும் ஒன்றிப் பார்க்கிறார்கள். சாட்ஸ்வர்த் வந்ததும் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். அங்கே புதுச் சமநிலையே இல்லை என்பதுதான் உண்மை. ஆயா இன்னும் பழைய குழாயடியைப் பற்றியே பேசுகிறார்.

வெளியேற்றத்தை முதலில் வைத்துப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன், காலவரிசை குழம்பியது. என் குரலைச் சேர்த்தேன், அப்புறம் பார்வைக் கோணம் ஆயாவிடமிருந்து நழுவி என்னிடம் வந்துவிட்டது. கையிலிருப்பது ஆயாவின் பேட்டி, பழைய புகைப்படங்கள், இன்றைய தெருக்காட்சிகள். மாதக் கடைசியில் கோயில் மண்டபத்தில் திரையிடல்.

இல்லாத ஆறுதலைச் சேர்க்காமல், இந்தப் பிற்பாதியை எந்த வரிசையில் வைத்தால் பார்ப்பவர்கள் கடைசிவரை கதையோடு இருப்பார்கள்?