'வெப்ப இரத்தப் பிராணி'க்கு மாற்றுச்சொல்

வணக்கம்.

'வெப்ப இரத்தப் பிராணி', 'குளிர் இரத்தப் பிராணி' இரண்டையும் கைவிடலாம் என்பது என் முன்மொழிவு. நண்பகலில் நடமாடும் பாலைவன இகுவானாவின் உடல் 40 டிகிரி செல்சியசை எட்டும், நமக்கு 37தான். இதில் குளிர் இரத்தம் யாருடையது?

இச்சொற்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்புகின்றன. வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. வெப்பநிலை மாறாமல் நிற்கிறதா என்பது வேறொன்று. முதலாவதற்கு அகவெப்பி (வெப்பத்தை உள்ளேயே ஆக்குவது), புறவெப்பி (வெளியிலிருந்து பெறுவது). இரண்டாவதற்கு நிலைவெப்பி, மாறுவெப்பி எனலாம். ஆழ்கடல் மீன்களில் பெரும்பாலானவை புறவெப்பிகள். சுற்றியுள்ள நீர் மாறாததால் அவற்றின் உடல் வெப்பநிலையும் மாறாது. ஆர்க்டிக் தரையணில் அகவெப்பி. குளிர்காலத்தில் அதன் உடல் உறைநிலைக்கும் கீழே, -2.9 டிகிரி வரை இறங்கியது பதிவாகியுள்ளது.

உடல் தன் வெப்பநிலையைக் காத்துக்கொள்ளும் தெர்மோரெகுலேஷனுக்கு 'வெப்பச் சீராக்கம்' போதும் என்று தோன்றுகிறது.

— — —

பிரிப்பு சரி ஐயா. சொற்களில்தான் தடங்கல்.

'வெப்பி' என்றால் சூடேற்றும் கருவி என்றே காதில் விழும். அகவெப்பிக்கு அது பொருந்தினாலும், 'புறவெப்பி' வெளியே வைத்த அடுப்பு போல ஒலிக்கிறது. 'அகவெப்ப உயிரி', 'புறவெப்ப உயிரி' நீளம்தான், ஆனால் மயக்கம் தராது. வேதியியலில் எண்டோதெர்மிக் என்றால் வெப்பத்தை உட்கொள்ளும் வினை. விலங்கியலில் வெப்பத்தை உள்ளே ஆக்கும் உயிர். ஆங்கிலத்தில் ஒரே வேர் இரு பக்கமும் இழுக்கிறது. நம்மிடம் 'வெப்பக்கொள் வினை' தனியாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

'வெப்பச் சீராக்கம்' எனக்கு உடன்பாடில்லை. சீராக நிற்பது வெப்பமல்ல, வெப்பநிலை. கடுமையாக ஓடுபவரின் உடலில் வெப்ப உற்பத்தி ஓய்வுநிலையைவிடப் பத்து மடங்கைத் தாண்டலாம். ஆனால் உள்வெப்பநிலை ஓரிரு டிகிரிதான் ஏறும். தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. வியர்வை ஒவ்வொரு கிராம் ஆவியாகும்போதும் ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், குளிர்ச்சி கிடைக்காது. வெப்பத்தின் வரவுசெலவு ஓயாமல் மாறுவதால்தான் வெப்பநிலை நிற்கிறது.

'சீராக்கம்' என்பதிலும் ஒரு கோணல். காய்ச்சலில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள், மூளையில் உடல் வெப்பநிலையை ஆளும் ஹைப்போதலாமசின் இலக்கை 39க்கு உயர்த்துகிறது. உடல் 37இல் இருக்கும்போதே குளிரெடுத்து நடுங்குவது அதனால்தான். அங்கே எதுவும் சீர்கெடவில்லை. புதிய இலக்கை நோக்கி அதே பொறியமைவு ஒழுங்காக வேலை செய்கிறது. வெயிலில் மயங்கி விழுபவரின் நிலை வேறு: இலக்கு 37தான், வெப்பத்தை வெளியேற்றத்தான் முடியவில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல 'வெப்பநிலை பேணல்', அதோடு 'இலக்கு வெப்பநிலை' வேண்டும்.

— — —

'பேணல்' ஏற்கிறேன். 'உயிரி'யும் சரி.

அப்படியே இன்னொன்று. பழுப்புக் கொழுப்பு உயிரணுக்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் புரோட்டான்கள் ஏடிபி (உயிரணு ஆற்றலைச் சேமிக்கும் மூலக்கூறு) ஆக்காமல் கசிந்து திரும்புவதால், ஆற்றல் நேரே வெப்பமாகிறது. கைக்குழந்தைகளுக்கும் சிறு பாலூட்டிகளுக்கும் இதுவே பெரிய துணை. பறவைகளுக்குப் பழுப்புக் கொழுப்பு கிடையாது. இதை 'நடுங்கா வெப்பவாக்கம்' எனலாம். 'நடுக்கமற்ற' என்பதைவிடக் கச்சிதம்.

உடல் வெப்பநிலையையும் இயக்கத்தையும் தற்காலிகமாகத் தாழ்த்திக்கொள்ளும் டோர்ப்பர்தான் சிக்கல். 'குளிர்கால உறக்கம்' ஒத்துவராது. ரீங்காரச் சிட்டு ஒரே இரவில் உடலைக் குளிரவிட்டு விடியுமுன் மீண்டும் சூடேற்றிக்கொள்கிறது. 'மடிநிலை' எனலாமா? மடி சோம்பல்தான், ஆனால் பறவை மடிந்துவிட்டதாகப் படித்துவிடுவார்களோ என்று தயக்கம்.