மண்டபம் பூட்டிக் கிடக்கும்போது கல்யாண போட்டோகிராபர் எதை விற்பது?

ஈரோடு ஸ்டுடியோ (2021 ஜூன்)
கொரோனாவால் இந்த வருடமும் சித்திரை, வைகாசி இரண்டும் போய்விட்டன. ஏப்ரல் கடைசியில் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள், மே 10-லிருந்து முழு ஊரடங்கு. வீட்டோடு நடக்கிற கல்யாணத்தை மாப்பிள்ளையின் தம்பியே போனில் எடுத்துக்கொள்கிறான். ஆனியில் எவ்வளவு திறப்பார்கள் என்று தெரியாது, அப்புறம் ஆடி. ஆக, ஆவணி வரைக்கும் கல்லா காலி. அதனால் நேரலையை முதல் வேலையாக வைத்து ரேட் கார்டு போடப் போகிறேன். ஒரு கேமரா, அதன் காட்சியை லேப்டாப்புக்குக் கொண்டுவரும் கேப்சர் கார்டு, லேப்டாப், ஒரே ஆள், 6,000 ரூபாய். தப்பு என்று நினைப்பவர்கள் சொல்லுங்கள்.

ரோல்பிலிம் மதுரை
தப்புதான் தம்பி. இன்றைக்கு 6,000 வாங்குவீர்கள். மண்டபம் திறந்ததும் "லைவை ஆல்பத்தோடு சேர்த்தே கொடுத்துடுங்க" என்பார்கள். அடுத்த தெருக்காரன் சும்மா கொடுப்பான். பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே படம் எடுக்க ஆரம்பித்தபோது இதைப் பார்த்தவன் நான். எங்கள் தெருவில் போட்டோ விலையைக் குறைத்துப் பார்த்தார்கள். போன கூட்டம் திரும்பி வரவில்லை, விலை மட்டும் இறங்கி நின்றுவிட்டது.

இன்னொன்று. ஆல்பத்தில் ஒரு படம் சொதப்பினால் பக்கத்துப் படத்தை வைத்து ஒப்பேற்றலாம். தாலி கட்டுகிற நேரத்தில் சிக்னல் போனால் என்ன செய்வீர்கள்? துபாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மாமன் உங்களைத்தான் திட்டுவார்.

ஈரோடு ஸ்டுடியோ
அண்ணே, அதற்கெல்லாம் வழி இருக்கிறது. இரண்டு வேறு கம்பெனி சிம், முதல் நாளே அதே இடத்தில் அப்லோடு வேகம் பார்ப்பது, 1080 தரத்துக்கு ஆசைப்படாமல் அதைவிடக் குறைந்த 720-ல் அனுப்புவது. கேமராவின் மெமரி கார்டிலும் தனியாகப் பதிவாகும், எனவே லைன் போனாலும் காட்சி போகாது. புது யூடியூப் சேனல் என்றால் நேரலையைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். அதை முகூர்த்தத்தன்று காலையில் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் பயம் சிக்னல் இல்லை, சினிமாப் பாட்டு. ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் யூடியூப் காப்பிரைட் என்று நேரலையையே நிறுத்தலாம். வீட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்: ஒளிபரப்பு முடிகிறவரை நாதஸ்வரம் மட்டும், அதிலும் சினிமாப் பாட்டு வேண்டாம். மைக்கை மாப்பிள்ளை பக்கம் வைத்தால்தான் மந்திரம் கேட்கும். தவில் பக்கம் வைத்தால் தவில் மட்டும்தான்.

டேரேட் கேமராமேன்
நீங்கள் இரண்டு பேரும் கடை வைத்திருப்பவர்கள், எனவே விலை பற்றிச் சண்டை போடலாம். நான் கூப்பிட்டால் போகிறவன். போன வருடம் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த முறை எல்லாருக்கும் பொதுவாக அதுவும் இல்லை. லென்ஸை விற்கலாமா என்று பார்க்கிறேன். ரேட்டைக் காப்பாற்றுங்கள் என்று மதுரை அண்ணன் சொல்வது சரி, ரேட் இருந்து வேலை இல்லையென்றால்?

கோவை எடிட்டர்
தம்பி, லென்ஸை இப்போது விற்காதீர்கள், வாங்குகிறவன் பாதி விலைதான் கேட்பான். எடிட்டிங் தெரிந்தால் வெளிநாட்டுக் கல்யாணங்களுக்கு வேலை செய்யுங்கள். நான் போன வருடத்திலிருந்து செய்கிறேன். படம் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளின் கேட்டலாக்கும் (திருத்தங்களைப் பதிந்து வைக்கும் கோப்பு) ஸ்மார்ட் பிரிவியூவும் (படங்களின் சிறிய நகல்) வந்தால் போதும். ரா பைல், அதாவது கேமராவில் எடுத்த பெரிய அசல் கோப்பு, அவர்களிடமே இருக்கும், இங்கே சாதாரண இன்டர்நெட்டே தாங்கும். கலர் திருத்தி கேட்டலாக்கைத் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.

ஆனால் கை பழக வேண்டும். நம் ஊரில் மணப்பெண்ணின் முகத்தை இரண்டு ஸ்டாப் (வெளிச்ச அளவு) ஏற்றி வெளுக்க வைப்போம் இல்லையா, அதை அங்கே செய்தால் அடுத்த வேலை வராது.

ரோல்பிலிம் மதுரை
மேடம், தம்பிக்கு இப்போது அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதில் உங்கள் பெயர் எங்கேயும் வராது. நாளைக்கு இன்னும் மலிவாக இன்னொருவர் கிடைத்தால் ஒரு மெயிலோடு முடிந்துவிடும். எங்கள் தெருவில் மூன்று தலைமுறைக்கு நான்தான் எடுத்தேன். அவர்கள் காசு கொடுப்பது முகூர்த்த நேரத்தில் நான் அங்கே நிற்பதற்கு.

கோவை எடிட்டர்
பெயர் வரவில்லை சார், வாடகை வருகிறது. மூன்று தலைமுறைக்கு எடுத்த உங்களை இந்த வைகாசியில் எத்தனை பேர் கூப்பிட்டார்கள்?

அட்வான்ஸ் கொடுத்தவன்
நான் போட்டோகிராபர் இல்லை, தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தவன். எங்கள் போட்டோகிராபர் அட்வான்ஸையும் தரவில்லை, வேறு தேதிக்கு எழுதியும் தரவில்லை. போனை எடுத்தால்தானே. நீங்கள் என்ன புதிய வேலை தொடங்கினாலும், பழைய கணக்கை முடிக்காமல் எங்களைப் போன்றவர்கள் வரமாட்டோம்.

நேரலைக்கு 6,000 கொடுப்பேனா என்றால், கொடுப்பேன். 50 பேரில் பாட்டிக்கே இடம் கிடைக்கவில்லை. இன்னொரு கேள்வி: அப்பா அம்மா கல்யாண விஎச்எஸ் கேசட் ஒன்று இருக்கிறது, பூஞ்சை பிடித்து வெள்ளையாக இருக்கிறது. அதைப் பார்க்க முடியுமா?

ரோல்பிலிம் மதுரை
முதலில் எந்த டெக்கிலும் (விசிஆர்) போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், டேப்பும் கிழியும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டும் கெடும். கேசட்டின் திருகுகளைக் கழற்றித் திறந்து, டேப்பை மெதுவாகச் சுற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். அப்புறம் ஓடவிட்டுப் பதிவு செய்வது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்டி எடுக்க வழியே கிடையாது. டெக் கிடைப்பதும் கஷ்டம். கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பான்காரன் ஃபுனாய் 2016-லேயே நிறுத்திவிட்டான். என்னிடம் இரண்டு ஓடுகிறது, ஒன்று உதிரிபாகத்துக்கு.

கூரியரில் அனுப்புங்கள். கேசட்டுக்கு 300 ரூபாய்.

ஈரோடு ஸ்டுடியோ
அண்ணே! திறந்து, துடைத்து, மூன்று மணி நேரம் காவல் காத்து 300 ரூபாய். இதில் என் 6,000 விலையைக் கெடுக்கிறதா?

ரோல்பிலிம் மதுரை
அது தெரிந்தவர்களுக்குச் செய்வது. தொழில் இல்லை.

கோவை எடிட்டர்
தொழில் இல்லை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். 80-களிலும் 90-களிலும் கல்யாணம் முடித்தவர்களின் பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள், வீட்டில் சும்மா இருக்கிறார்கள், அலமாரியைக் கிளறுகிறார்கள். நீங்கள் எடுத்த நெகட்டிவ் எல்லாம் உங்களிடமே இருக்கும் இல்லையா? அந்த வீட்டுக்காரர்களின் பெயரும் நோட்டில் இருக்கும். நேரில் போகவே வேண்டாத வேலை, அதுவும் உங்கள் பெயரிலேயே. 1,500 என்று போடுங்கள்.

ரோல்பிலிம் மதுரை
நெகட்டிவ் இருக்கிறது. 1,500 கேட்டால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். வெளியூருக்கு வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன். இவருக்கு 300-தான், சொன்னது சொன்னதுதான்.

ஈரோடு தம்பி, லைவ் போடுவதென்றால் போடுங்கள், ஆனால் தனி பில்லாக. "ஆல்பத்துடன் சேராது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லை எந்தச் சித்தப்பாவும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். அட்வான்ஸ் வாங்கியவர்களுக்கும் அதே மாதிரி காகிதத்தில் கொடுங்கள்: எந்தத் தேதி வரை செல்லும், வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பும் என்று.

ஈரோடு ஸ்டுடியோ
அட்வான்ஸ் விஷயம் ஏற்கிறேன். தனி பில்லும் சரி. ஆனால் ஆவணியில் யாராவது சேர்த்துக் கேட்டால், 80,000 ரூபாய் ஆர்டரை அதற்காக விடமாட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ரோல்பிலிம் மதுரை
அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

டேரேட் கேமராமேன்
அந்த 6,000-ல் ஒரே ஆள் என்று போட்டிருக்கிறீர்களே, அந்த ஆள் நான் என்றால் எனக்கு எவ்வளவு?

ஈரோடு ஸ்டுடியோ
2,500. இரண்டு சிம்மும் என்னுடையது. லென்ஸை விற்றுவிடாமல் வாருங்கள்.