புதுப்பிப்பு: காலையில் அடம்பிடித்த டீசல் லொறி

பழைய லொறி காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் பிரச்சினையில்லை என்று எழுதியிருந்தேன். பலர் குளோ பிளக்கை, அதாவது குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவும் பாகத்தைச் சொன்னீர்கள். கொழும்பு வெக்கைக்கு அது மட்டும் காரணமாக இருக்காது என்று பட்டது. பற்றரியும் 12.6 வோல்ட் காட்டியது, அதிலும் குறையில்லை.

அப்புறம் கராஜ் பாஸ் டீசல் பில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் போட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் டீசல், தாங்கிப் பக்கம் திரும்ப இறங்கி, குழாய் முழுக்கக் குமிழி! டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை இறுகும்வரை அமுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. பில்டர் தலையிலுள்ள அந்தக் கைப்பம்பின் ரப்பரில்தான் வெடிப்பு விட்டிருந்தது. அது டீசலை உறிஞ்சுகிற பக்கம் என்பதால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே ஒழுகாது; கண்ணில் எப்படிப் படும்?

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கைப்பம்பும் வாஷரும் வாங்கி மாற்றியாச்சு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒதுக்கிய காசு மிச்சம்.