குடியிருப்புக் குளத்தில் பாசி: மருந்துக்கு முன் பாஸ்பரஸைப் பார்ப்போம்

குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள குளமோ வாய்க்காலோ ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிட்டால், உடனே மருந்து அடிக்கச் சொல்வதே அங்கு வசிப்பவர்களின் முதல் கோரிக்கையாக இருக்கும். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு சன்னலை மூடி வைத்திருப்பவர்களின் அவசரம் நியாயமானதே. ஆயினும் அது எந்தப் பாசி, அதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் அறியாமல் மருந்துக்குச் செலவிடுவது வீண் என்பதே என் கருத்து.

முதல் கேள்விக்கான விடையைக் கரையில் நின்றே ஓரளவு ஊகிக்கலாம். கையுறை அணிந்து, ஒரு குச்சியை நீருக்குள் விட்டு எடுத்தால், பச்சை நூல்களாகத் தொங்குவது இழைப்பாசி. அதை வாரிக் கரையேற்றிவிடலாம். பெயிண்ட் பூசியது போல் குச்சியில் படிந்தால் நீலப்பச்சைப் பாசியோ என்று ஐயப்பட வேண்டும். அதே நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வைத்தால், நீலப்பச்சைப் பாசி தன் செல்களில் உள்ள நுண்ணிய வாயுப் பைகளால் பெரும்பாலும் மேலே மிதந்து நிற்கும். நச்சு இருக்கிறதா என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். முடிவு வரும்வரை குழந்தைகளையும் நாய்களையும் அந்த நீரில் இறங்க விடக்கூடாது.

இதை மிகையான எச்சரிக்கை என்று கருத வேண்டாம். இந்தப் பாசி வெளியிடும் மைக்ரோசிஸ்டின் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசிப் பெருக்கத்தால் அமெரிக்காவின் டொலிடோ நகர மக்கள் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டதற்கு இந்த நச்சே காரணம்.

மருந்து என்று பெரும்பாலும் கொட்டப்படுவது மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட். அது பாசியைக் கொல்வது உண்மைதான். ஆனால் செல்கள் உடையும்போது உள்ளிருந்த நச்சு மொத்தமாக நீரில் கலக்கிறது. செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் குறைகிறது. பகலில் ஆக்சிஜனைத் தரும் பாசியே இரவில் அதை உறிஞ்சுவதால், அடர்ந்த பாசியுள்ள குளத்தில் விடியற்காலையில் மீன்கள் ஏற்கெனவே நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் குளம் முழுவதற்கும் ஒரே நாளில் மருந்திட்டால் மறுநாள் மீன்கள் செத்து மிதக்கக்கூடும். தாமிரமோ வண்டலில் தங்கிவிடும். அழுகிய பாசியிலிருந்து வெளியேறும் பாஸ்பரஸ் அடுத்த பாசிக்கு உணவாகிவிடும்.

இனி இரண்டாவது கேள்வியான தீனிக்கு வருவோம். 1973இல் கனடாவில் 226 என்று எண்ணிட்ட சிறிய ஏரி ஒன்றின் குறுக்கே திரைகட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாயிற்று. நன்னீரில் நைட்ரஜனுக்கும் பங்கு உண்டு என்று இன்றும் வாதிடுவோர் இருக்கிறார்கள்; ஆனால் சிறிய குடியிருப்புக் குளத்தில் முதலில் பாஸ்பரஸைக் குறைப்பதே பயன் தரும்.

அது வரும் வழிகள் புல்தரைக்கு இடும் உரம், கசியும் கழிவுநீர்த் தொட்டி, நாய்க் கழிவு, வாத்துகளுக்குப் போடும் ரொட்டி போன்றவை. பலர் கவனிக்காதது தெருவோர இலைக்குப்பை. மழைக்குப் பின் சாலையோரத்தில் ஊறிக் கிடக்கும் இலைகளிலிருந்து தேநீர் நிறத்தில் வடியும் நீரில் கரைந்த பாஸ்பரஸ் உண்டு. அது மழைநீர் வடிகால் வழியாக நேராகக் குளத்துக்குப் போகிறது. மழைக்கு முன் இலைகளை அள்ளுவதும், வெட்டிய புல்லைச் சாலையில் தள்ளாமல் இருப்பதும், கரையோரம் சில மீட்டர் அகலத்துக்குச் செடிகளை வெட்டாமல் வளரவிடுவதும் மலிவான வழிகள்.

பல ஆண்டுகளாக வண்டலில் சேர்ந்த பாஸ்பரஸ் தனிச் சிக்கல். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும். ஆகவே காற்றூட்டும் கருவி அடியிலிருந்து குமிழி விட வேண்டும். அழகுக்கு வைத்த நீரூற்று ஆழமான குளத்தின் அடிக்கு எட்டாது. படிகாரம் பாஸ்பரஸைப் பிணைத்துப் படியவைக்கும். ஆனால் நீரின் அமிலத்தன்மை கூடினால் அதிலுள்ள அலுமினியம் மீன்களைக் கொல்லும் என்பதால் அது அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை முறை மருந்து அடிப்பது என்பதற்குப் பதிலாக, மொத்தப் பாஸ்பரஸ், விடியற்கால ஆக்சிஜன், நீரின் தெளிவு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் அளந்து குடியிருப்போருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.